கை சொன்னது

பட்டறைக்குள் வாய்க்கு வேலை கிடையாது. தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டால் காதுக்குள் வந்து கத்தினாலும் உதடு அசைவதுதான் தெரியும். அதனால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். கட்டைவிரலை வாயருகே சாய்த்தால் டீ. இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்தது. மேலுதட்டைத் தடவினால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். இப்போதிருக்கும் மேஸ்திரிக்கு மீசை கிடையாது. மீசை வைத்திருந்தவர் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஜாடை மட்டும் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் யாருக்கும் இந்தப் பேச்சு வந்துவிடும். வந்தபிறகு வீட்டிலும் விடாது. சோறு போதும் என்பதைக் கையால் சொல்லிவிட்டு, "நாக்கை எங்க வெச்சுட்டு வந்த?" என்று மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மருமகள்கள் உண்டு.

அங்கே நான்கு தறி ஓட்டுகிற ஒருத்திக்கு ரேடியோ என்று பெயர். வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் வாய் திறந்தால் மூடமாட்டாள் என்று வைத்த பெயர். அவள் புருஷன் அதே பட்டறையில் ஃபிட்டர். பின்பாக்கெட்டில் எந்நேரமும் ஒன்று துருத்திக்கொண்டிருப்பதால் அவன் ஸ்பேனர். இரண்டு பேரும் ஒரு மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தார்கள். மேலே கரண்டுக்காரரும் அவர் மனைவியும். கரண்டுக்காரர் ரேடியோவைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் ஸ்பேனர் அவருக்கு மாப்பிள்ளை. பட்டறையில் சுவிட்சுப் பலகை அவர் பொறுப்பு.

இப்போது கரண்டுக்காரர் ஜாமீனில் இருந்தார். வேலை இல்லை. பகல் முழுக்க மேலே நாற்காலியை இழுத்துப் போடுவதும் திரும்ப இழுப்பதுமாகச் சத்தம் கேட்கும்.

ரேடியோவும் சில மாதங்களாக ஓடவில்லை.

நடந்தது இதுதான். பட்டறையில் தறிகள் இரண்டு வரிசை. வரிசைக்கு அடியில் நீளத் தண்டு ஒன்று சுழலும். அதில்தான் எல்லாத் தறியின் பெல்ட்டும் மாட்டியிருக்கும். அடியில் பஞ்சு சேர்ந்துகொண்டே இருப்பதால் வாரம் ஒருமுறை ஒரு வரிசையை நிறுத்தி, பஞ்சுக்காரம்மா தண்டுக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பெருக்குவாள். அடுத்த வரிசை அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவள் வெளியே வந்ததும் ஃபிட்டர் குனிந்து ஒரு முறை பார்த்துவிட்டு மணியடிக்க வேண்டும். மணி எப்போதோ கெட்டுப்போய்விட்டது. அதற்குப் பதிலாக ஃபிட்டர் கையைத் தலைக்கு மேல் தூக்கி, உள்ளங்கையை விரித்து, பலகையைத் துடைப்பது போல ஒரு இழுப்பு இழுப்பான். முடிஞ்சுது என்று அர்த்தம். கோடியில் நிற்கும் கரண்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுவார்.

அன்றைக்கு அவர் போட்டபோது பஞ்சுக்காரம்மா உள்ளே இருந்தாள். உயிரோடு வெளியே வரவில்லை.

"கை தூக்கினதைப் பாத்துட்டுத்தான் போட்டேன்" என்றார் கரண்டுக்காரர். "நான் கையே தூக்கல" என்றான் ஸ்பேனர். போலீசிலும் சொன்னான். பிறகு கோர்ட்டில் சத்தியம் செய்தும் சொன்னான். நிர்வாகத்துக்கும் அதுவே வசதியாக இருந்தது. பார்க்காமல் சுவிட்சைப் போட்ட ஒரு ஆள் கிடைத்தால் மணியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

ஓடுகிற வரிசையில் நின்றிருந்த ரேடியோ மட்டும் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். ஸ்பேனர் எதிரே நின்றான். அவளுக்கு முதுகுப் பக்கம், நேர்கோட்டில், சுவிட்சுப் பலகை.

அதற்கு முந்தைய நாட்களில் ரேடியோவுக்கும் ஸ்பேனருக்கும் பேச்சு இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். டீ வேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்பேனர் இன்னொரு ஃபிட்டரிடம், இவள் வாயைக் காட்டி, தறியைக் காட்டி, பிறகு தறியின் பக்கம் 'இது தேவலை' என்று கையால் சொல்லிவிட்டான். பட்டறையில் ரகசியம் பேச முடியாது. கை தெரிகிற தூரம் வரைக்கும் எல்லோருக்கும் கேட்கும். இரண்டு வரிசையும் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தது. அவளுக்கு முகம் எரிந்தது. வீட்டுக்கு வந்து சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்தி வைத்ததோடு சரி.

பஞ்சுக்காரம்மா அடியில் பெருக்கிக்கொண்டிருந்தபோது, சும்மா நின்றிருந்த ஸ்பேனர் அவளைப் பார்த்தான். நெஞ்சுக்கு நேராக, சின்னதாக, உள்ளங்கையை இழுத்தான். விடு, முடிஞ்சுது. சண்டையைச் சொன்னான். அவள் பார்த்தாள். பார்க்காதது போல அறுந்த நூலைத் தேட ஆரம்பித்தாள். நூல் எதுவும் அறுந்திருக்கவில்லை. திரும்ப நிமிர்ந்தபோது அவன் சிரித்துக்கொண்டே கையைத் தலைக்கு மேல் தூக்கி, பட்டறைக்கே தெரிகிற மாதிரி பெரிதாக இழுத்தான்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே எதிர் வரிசை உதறிக்கொண்டு கிளம்பியது.

*

மழை பிடித்த ஒரு சாயங்காலம் மேல்வீட்டு அக்கா படியிறங்கி வந்தாள். கொடித் துணிகளை அள்ளி எடுத்துக்கொண்டு, போகிற வழி போல, கதவருகே நின்றாள்.

"உன் துணியும் நனையுது. எடுக்கலையா?"

"எடுக்கணும்க்கா."

"என்ன எடுக்கணும்க்கா? முன்னாடியெல்லாம் ஒரு மேகம் வந்தாலே தெருவுக்கே அறிவிப்பு குடுப்ப."

ரேடியோ போய் துணிகளை எடுத்துவந்தாள். அக்கா நகரவில்லை.

"எங்க வக்கீலம்மா உன்னைக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க. நான் உன்னை எதுவும் கேக்க மாட்டேன். நீ பாத்தேன்னும் சொல்ல மாட்டேன், பாக்கலன்னும் சொல்ல மாட்டேன். உன் கண்ணு, உன் மனசு."

"அண்ணன் எப்படிக்கா இருக்காரு?"

"இருக்காரு. சுவிட்சைத் தொட மாட்டேங்கறாரு. இருட்டினா நான்தான் லைட்டைப் போடணும். கரண்டுக்காரன் பொண்டாட்டிக்கு வந்த பவுசைப் பாரு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனதும் துணிக்குவியலில் முகத்தை வைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சுகூடத் தட்டாமல், ரேடியோ வக்கீலம்மாவைப் பார்க்கப் போனாள். மாவு மில்லுக்கு மேலே ஒரு சின்ன அறை. கீழே மில் ஓடும்போது மேஜைமேல் இருந்த பேனா தானாக நகர்ந்தது.

"உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட எதாவது சொன்னாரா?" என்று ஆரம்பித்த வக்கீலம்மா உடனே கையைக் காட்டி நிறுத்தினாள். "இருங்க, சொல்லாதீங்க. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. கல்யாணம் ஆன பிறகு புருஷன் பொண்டாட்டிகிட்ட சொன்னதை, பொண்டாட்டி புருஷன்கிட்ட சொன்னதை, கோர்ட்ல சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களா சொல்ல ஆசைப்பட்டாலும் கோர்ட் விடாது. சொன்னவர் சம்மதிக்கணும்."

"அப்ப என்னை எதுக்கும்மா கூப்பிட்டீங்க?"

"சொன்னதுக்குத்தான் தடை. பாத்ததுக்குத் தடை இல்ல. புருஷன் 'கதவைத் திறந்தேன்'னு உங்ககிட்ட சொன்னா அது வெளிய வராது. அவர் கதவைத் திறந்ததை நீங்க பாத்திருந்தா, அது வரும்."

ரேடியோ கொஞ்ச நேரம் பேனா நகர்வதையே பார்த்தாள்.

"கையால சொன்னா?"

"என்ன?"

"வாயால சொல்லலம்மா. கையால சொன்னா, அது சொன்னதா? இல்ல, நான் பாத்ததா?"

வக்கீலம்மா பேனாவைப் பிடித்து ஓரமாக வைத்தாள். "ஜாடையும் பேச்சுதான். உங்களுக்குன்னு ஒண்ணு சொல்லியிருந்தா, என்ன சொன்னார்ங்கறது சொன்னது. கை மேல போச்சுங்கறது பாத்தது. நான் அப்படித்தான் வாதாடுவேன். அந்தப் பக்கம் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்வாங்க. நீதிபதி எங்க கோடு போடுவாருன்னு இப்பவே சொல்ல முடியாது." கொஞ்சம் தயங்கினாள். "நான் மேல்வீட்டுக்காரரோட வக்கீல். உங்க வீட்டுக்காரருக்கு எது நல்லதுன்னு என்கிட்ட கேக்காதீங்க. கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது."

*

ஸ்பேனர் பின்கட்டில் உட்கார்ந்து மரத்தூளும் சோப்புத்தூளும் கலந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கிரீஸ் அப்படித்தான் போகும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவன் அதிகமாகத் தேய்த்தான். முழங்கை வரைக்கும் தோல் சிவந்திருந்தது.

"வக்கீலம்மாவைப் பாத்தேன்" என்றாள்.

"எந்த வக்கீலம்மா?"

"கரண்டண்ணனோட வக்கீல்."

தேய்ப்பது நின்றது. "எதுக்கு?"

"கூப்பிட்டாங்க. போனேன்."

"கூப்பிட்டா போயிடுவியா? கிணத்துல குதின்னா குதிப்பியா?"

"கிணத்துல ஏற்கனவே ஒரு மனுஷன் கெடக்காரு. நம்ம தலைக்கு மேல குடியிருக்காரு."

அவன் தண்ணீரை மொண்டு கையில் ஊற்றினான். கறுப்பு போகவில்லை. இன்னொரு பிடி தூளை எடுத்தான்.

"சட்டத்துல ஒரு பூட்டு இருக்காம். நீங்க என்கிட்ட சொன்னதை நான் வெளிய சொல்லக்கூடாதாம். சாவி உங்ககிட்ட."

அவன் நிமிர்ந்தான். பல நாள் கழித்து முகத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "உன் வாய்க்கே ஒரு பூட்டு கண்டுபிடிச்சிருக்கானா? எந்த மகராசன்டி அவன்? காலைத் தொட்டுக் கும்பிடணும்."

அவள் சிரிக்கவில்லை. "பாத்ததுக்குப் பூட்டு இல்ல."

"என்ன பாத்த?"

"கைய."

"தறியைப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லு. யாரு வந்து உன் கண்ணைத் தோண்டிப் பாக்கப் போறா?"

"என்னால முடியாது."

"முடியாதா? நாலு தறியை ஒத்தை ஆளா ஓட்டற, இது முடியாதா?"

"கைய மட்டும் சொன்னா, உள்ள ஆள் இருக்கறது தெரிஞ்சே நீங்க அண்ணனைப் போடச் சொன்ன மாதிரி ஆயிடும். அது பொய்யி. நீங்க அவரைப் பாத்தே சொல்லல. முழுசா சொன்னாத்தான் அது புரியும். முழுசா சொல்லணும்னா நீங்க சரின்னு சொல்லணும்."

"சரின்னு சொன்னா நான் சத்தியம் பண்ணிச் சொன்னது பொய்ன்னு ஆயிடும்."

"ஆமா."

"ஆமாவா? கொழம்புல உப்பு கம்மின்னு சொல்ற மாதிரி ஆமாங்கற? என்னைத்தான்டி உள்ள வைப்பான்."

"தெரியும்."

அவன் தூளைச் சிமெண்ட்டுத் தரையில் கொட்டினான். குரல் இறங்கியது. "நீ மொதத் தடவையே ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தா, நான் எதுக்குடி ரெண்டாவது தடவை கையத் தூக்கப்போறேன்?"

இத்தனை மாதத்தில் இதை அவன் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் முறை. சொல்லிவிட்டு அவனே பயந்துபோனது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.  அவளுக்கு உள்ளே எங்கேயோ, எதிர்பார்த்துக்கொண்டிருந்த விருந்தாளி ஒருவழியாக வந்து கதவைத் தட்டிவிட்டது போல இருந்தது.

"அதையும் சொல்லுவேன்" என்றாள்.

"போ. போய் எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டு வா. ஆனா நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

*

கோர்ட்டுக் கட்டடத்தில் மழைத்தண்ணீர் வராந்தா வரைக்கும் ஏறியிருந்தது. வந்தவர்கள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஸ்பேனர் ஏற்கனவே சாட்சி சொல்லி முடித்திருந்ததால் உள்ளே போய் உட்கார்ந்திருந்தான். வரமாட்டேன் என்று காலையில் சொன்னவன், அவளுக்கு முன்பே வந்திருந்தான். கடைசி பெஞ்சில் பஞ்சுக்காரம்மாவின் மகள். அவள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவாள்; யாரிடமும் பேசமாட்டாள்.

"அன்னிக்கு உங்க தறியில நின்னு என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"என் வீட்டுக்காரர் எதிர் வரிசைகிட்ட நின்னாரு. கையத் தூக்கினாரு."

அரசு வக்கீல் எழுந்தார். ஜாடை என்பது பேச்சு, கணவன் மனைவிக்கு நடுவே நடந்த பேச்சைச் சொல்ல அனுமதிக்கக் கூடாது என்றார். கை தூக்கியது செய்கை, அதை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம் என்றாள் வக்கீலம்மா. நீதிபதி சிறிது யோசித்தார். "பாத்ததை மட்டும் சொல்லுங்கம்மா. என்ன சொன்னார்னு போகாதீங்க."

"எவ்வளவு உயரம் தூக்கினார்?" வக்கீலம்மா.

ரேடியோ கையைத் தூக்கிக் காட்டினாள்.

"வாயால சொல்லணும்மா" என்றார் நீதிபதி. "கையை எழுத முடியாது."

"தலைக்கு மேலங்கய்யா."

வக்கீலம்மா உட்கார்ந்தாள். அரசு வக்கீல் நிதானமாக அருகே வந்தார். நல்ல மனுஷர் போலத்தான் இருந்தார். முகத்தில் சிரிப்புகூட இருந்தது.

"உங்களுக்கும் உங்க கணவருக்கும் அந்தச் சமயத்துல சண்டைதானே?"

"ஆமாங்கய்யா."

"பட்டறையே பாத்துச் சிரிச்ச சண்டை. பல நாள் பேசவே இல்ல. சரிதானே?"

"ஆமாங்கய்யா."

"அவர் சத்தியம் பண்ணி 'கை தூக்கல'ங்கறார். நீங்க தூக்கினார்ங்கறீங்க. அந்தக் கோபத்துல, புருஷனை மாட்டிவிட்டு, மேல்வீட்டுக்காரரைக் காப்பாத்த வந்திருக்கீங்கன்னு நான் சொல்றேன்."

"இல்லங்கய்யா. கோபமெல்லாம் இல்ல. சண்டை முடிஞ்சுபோச்சு."

"அப்படியா? எப்போ முடிஞ்சுது?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். சும்மா கேட்ட கேள்விதான். அவருக்கு அதன் ஆழம் தெரியாது.

"எப்போம்மா முடிஞ்சுது?"

"அதைச் சொல்லணும்னா அவர் சொன்னதைச் சொல்லணும்ங்கய்யா."

 நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று ரேடியோவுக்குத் தோன்றியது, புரியாமலும் இருந்திருக்கலாம். அவர் பெஞ்சுகளின் பக்கம் திரும்பி ஸ்பேனரை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இவங்க உங்க மனைவி. நீங்க இவங்ககிட்ட சொன்னதை இவங்க இங்க சொல்லணும்னா உங்க சம்மதம் வேணும். சம்மதிக்கணும்னு கட்டாயம் இல்ல. சொன்னா அது உங்களுக்கு எதிரா போகலாம். நீங்க முன்னாடி சொன்ன சாட்சியத்துக்கும் எதிரா போகலாம். புரியுதா? ஒரு வக்கீலைக் கேட்டுக்கிட்டுச் சொல்றீங்களா?"

ஸ்பேனர் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்தான். முதலில் கரண்டுக்காரரைப் பார்த்தான். அவர் கூண்டில் தலை குனிந்து நின்றார். பிறகு ரேடியோவைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன கண்டானோ, அவளுக்கே தெரியாது.

"வக்கீல் வேண்டாம்யா."

"அப்போ?"

"சம்மதம்யா. சொல்லட்டும். அன்னிக்குச் சொன்னது, வீட்ல சொன்னது, எல்லாத்தையும் சொல்லட்டும்." உட்காரப் போனவன் மறுபடி நிமிர்ந்தான். "அவ கோபத்துல சொல்ல வரலய்யா. அது மட்டும் பொய்."

ரேடியோ சொன்னாள். டைப் அடிக்கிறவர் மெதுவாகச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. சண்டை எதற்கு என்று சொன்னாள், யாரும் சிரிக்கவில்லை. "விடு, முடிஞ்சுதுன்னாரு. எனக்குத்தான் சொன்னாரு. மொதல்ல நெஞ்சுக்கு நேரா சின்னதா சொன்னாரு. நான் பாத்துட்டுப் பாக்காத மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அதனால பெருசா சொன்னாரு. எனக்குப் பின்னாடி அண்ணன் நிக்கறது அவருக்கு நெனப்பே இல்ல. அண்ணன் மேல தப்பில்ல. அவர் பாத்ததும் நெசம்தான்."

*

வெளியே மழை விட்டிருந்தது. வராந்தாவில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பஞ்சுக்காரம்மாவின் மகள் அவள் எதிரே வந்து நின்றாள்.

"எங்கம்மா உள்ள இருந்தப்போ நீங்க ரெண்டு பேரும் சமாதானம் பேசிக்கிட்டு இருந்தீங்க. அவ்வளவுதானா?"

ரேடியோ தேடுவதை நிறுத்தினாள்.

"இத்தனை மாசம், அவ்வளவுதான்னு ஏன் சொல்லல?" என்று கேட்டாள் அந்தப் பெண். குரலை உயர்த்தவில்லை. கேட்டுவிட்டு, தண்ணீரில் இறங்கி, புடவையைத் தூக்கிப் பிடிக்காமல் நடந்து போய்விட்டாள். மேல்வீட்டு அக்கா ஓடிவந்து ரேடியோவின் கையைப் பிடித்தாள். ரேடியோ மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

தீர்ப்பு வர இன்னும் நாள் ஆகும். ஆனால் எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று வராந்தாவில் நின்ற டீக்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது. சாயங்காலமே ஒரு போலீஸ்காரர் வந்து, ஊரை விட்டுப் போக வேண்டாம், காலையில் ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்று ஸ்பேனரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் கரண்டுக்காரர் படியிறங்கி வந்தார். சம்பவத்துக்குப் பிறகு அவர் கீழ்வீட்டு வாசலில் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை. ஸ்பேனரும் வாங்க என்று சொல்லவில்லை. எழுந்து மட்டும் நின்றான்.

"உன்னை அடிக்கணும்னு எத்தனையோ நாள் நெனச்சேன் மாப்ள."

"அடிங்க."

"இப்ப கை வரல." படிக்கட்டின் கைப்பிடியைத் தட்டினார். "யாரு உனக்கு வக்கீல்?"

"யாரும் இல்ல."

"என் கேஸ் முடிஞ்சதும் வக்கீலம்மாவையே கேட்டுப் பாரு. நானே பேசறேன். நல்லா கேள்வி கேக்கறாங்க, நீதான் பாத்தியே." சிரிக்க முயன்று முடியாமல் விட்டார். "மணி ஏன் அடிக்கலன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் கேக்கல. அதை உன் கேஸ்லதான் கேக்கணும்னு சொன்னாங்க. நான் வந்து சொல்றேன் சாட்சி."

"நீங்களா?"

"பின்ன? நான் பாத்தவன். உன் பொண்டாட்டி மாதிரி எனக்குப் பூட்டெல்லாம் இல்ல." படியில் ஒரு கால் வைத்தவர், உள்ளே பார்த்து, "தங்கச்சி, சாப்பிடுங்க ரெண்டு பேரும்" என்றுவிட்டு ஏறிப் போனார்.

ரேடியோ கதவைச் சாத்தினாள். அடுப்பைப் பற்றவைத்து அரிசி களைந்து போட்டாள். ஸ்பேனர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். காலையில் ஸ்டேஷனுக்குப் போட்டுக்கொள்ளத் துவைத்த சட்டை இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றாள். பல் துலக்கும் பிரஷ் எடுத்துப் போக விடுவார்களா என்றான். தெரியவில்லை, கேட்டுப் பார்க்கலாம் என்றாள். உலை கொதிக்க ஆரம்பித்தது. அவள் வந்து அவன் அருகில் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்குங்களா?"

  அவன் வாயால், மெதுவாக, நடுவில் ஒருமுறை நிறுத்தி, மறுபடி தொடர்ந்து சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு அவளும் ஒன்று சொன்னாள்.

அவர்கள் சொல்லிக்கொண்டதை இனி எந்தக் கோர்ட்டு கேட்டாலும், அவர்கள் மனசு வைத்தால்தான் வெளியே வரும். இந்தக் கதையிலும் அப்படித்தான். சோறு பொங்கி மூடியைத் தள்ளியபோது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.